முப்பத்தெட்டு

பெட்ரோல் செட்டிலிருந்து ஸ்டோர் கேட்டு வரை
நாலு கிலோமீட்டர். எல்லாம் ஏற்றம்.
முப்பத்தெட்டு நிமிடம்.

ஆனியில் தொடங்கியபோது ஐம்பத்திரண்டு.
பாதி வழியில் மதகுக் கட்டில் உட்கார்ந்து
கொழுந்து லொறிக்காரன் பார்க்காத பக்கம்
முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கினேன்.
ஆடியில் நாற்பத்தாறு.
ஆவணியில் நாற்பத்தொன்று.
ஹப்புத்தளைப் பனிமூட்டமே
எனக்காக ஒதுங்கி நிற்பதாக ஒரு நினைப்பு.
புரட்டாசி முதல் சனி முப்பத்தெட்டு.
பிறகு

முப்பத்தெட்டு.
மழையில் முப்பத்தெட்டு.
புதுச் சப்பாத்திலும் முப்பத்தெட்டு.

மூன்றாம் வளைவில்
சில்லறைக் கடைச் செவலை நாய்
முதல் மாதம் என் குதிகாலை மணந்துகொண்டே துரத்தும்.
இப்போது ஒரு காதை மட்டும் தூக்கி
ஓ, நீயா
என்று மறுபடி சுருண்டு படுக்கிறது.

பார்மசி வாசலில் நிறை பார்க்கும் மெஷின்.
பகலெல்லாம் ஊரே அதில் ஏறி இறங்குகிறது.
ஷட்டரைப் பாதி இறக்கியபின்
என் சொந்தக் காசு பத்து ரூபாய்.
எழுபத்தொன்று.
இருமல் மாத்திரை டப்பாவில்
சீட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.
எழுபத்தொன்று, எழுபத்தொன்று, எழுபத்தொன்று,
ஒருநாள் எழுபத்தொன்றரை
(அன்று சப்பாத்தைக் கழற்ற மறந்துவிட்டேன்).

சீனியை விட்டேன்.
ரொட்டியைப் பாதியாகப் பிய்த்தேன்.
சனிக்கிழமை மலையை இரண்டு தரம் ஏறினேன்.
முழங்கால் பணிஸ் போல வீங்கியது.
அடுத்த நாள் நாற்பது.

கவுண்டரில் நின்று நான்தான் சொல்கிறேன்,
"வேளைக்கு ஒன்று போடுங்க ஐயா,
ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு சுகம் வராது."
சொல்லிவிட்டு ஒரு காலைத் தூக்கி
மேசைக்குக் கீழே ஐஸ் வைத்துக்கொள்கிறேன்.

ஐப்பசிக் கடைசியில் மலை இறங்கியது.
இரண்டாம் வளைவுக்கு மேலே
ரோட்டைக் காணவில்லை.
ஆளுக்குச் சேதமில்லை. ஒரு கோழிக்கூடு,
ஒரு வாழை, யாரோ காயப்போட்ட கம்பளி.
கீழ் லயத்துக்கு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்தது.
அக்கா திரேசம்மா, அத்தான் சந்தியாகு,
மூன்று பிள்ளைகள், ஒரு தையல் மெஷின்
எல்லாம் என் ஒற்றை அறைக்குள்.

ஒன்பது நாள்.
எட்டி வைக்க இடமில்லை.
சின்னவன் என் கால்மேல் தலை வைத்துத் தூங்கினான்,
அசைந்தால் அழுவான்,
அதனால் நானும் தூங்கினேன்.
தீபாவளி முறுக்குக் கையில் தட்டுப்பட்டபோதெல்லாம் தின்றேன்.
முதல் மூன்று நாள்
ஐந்து மணிக்குத் தொடைகள் தாமாக விழித்தன.
நாலாம் நாள் அவையும் விட்டுவிட்டன.

அத்தான் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:
"பதினோராம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டிப்போட்டாச்சு.
இனி மாசக்கணக்கா அந்தப் பக்கம் கூடை போகாது.
பேர் எப்படி விழும்?"
அவர் சொன்னது சம்பளக் கவலை.
மொட்டைக் கவாத்துக் கட்டைகளை
நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஒரு தளிர் இல்லை,
யாரும் போய் ஏன் என்று கேட்கவுமில்லை.

பத்தாம் நாள் பெக்கோ வந்து ஒரு பக்கம் வழி விட்டது.
மணிக்கூடு தையல் மெஷினுக்கடியில் எங்கேயோ.
தேடினால் பிள்ளைகள் எழும்பும்.
வெறுங்கையோடு இறங்கினேன்.

சேற்று வாசம். புது மண் சிவப்பு.
மதகுக் கட்டு எப்போது பின்னால் போனது
தெரியவில்லை.
மூச்சு அதன் பாட்டில் வந்துகொண்டிருந்தது
வாடகை கொடுத்து முடித்த வீட்டுக்காரி மாதிரி.

மூன்றாம் வளைவு.
ஒரு காது தூக்கியது.
மறு காதும்.
அப்புறம்
மண்ணை உதறி எழும்பி
ஆளை அடையாளம் தெரியாததுபோல்
ஊரைக் கூட்டிக் குரைத்துக்கொண்டு
என் குதிகாலுக்குப் பின்னால் வந்தது செவலை.

ஓடினேன்.

மாலையில் மெஷின் எழுபத்தொன்று என்றது.
சீட்டைக் கிழித்துப்போட்டு
பிள்ளைகளுக்கு ஐந்து பணிஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
ஒன்று எனக்கு.
ஒன்று நாளைக்கு, அந்த நாய்க்கு.